கேட்கும் நேரத்தில் நாம் எங்கே?

கவுன்சில் கருத்துக்குழுக்களும் எமது மக்களும்

வீட்டு வாசலில் விழும் கடிதங்களை எம்மவர் மூன்றாகப் பிரிப்பது வழக்கம். கட்டவேண்டிய பில்கள் ஒருபுறம். உள்துறை அமைச்சு, சட்டத்தரணி, பாடசாலை ஆகியவற்றிடமிருந்து வருபவை மறுபுறம். மிச்சமெல்லாம் குப்பைக் கூடைக்கு. இந்த மூன்றாவது கட்டில், பீட்சாக்கடை விளம்பரங்களோடு சேர்ந்து, கவுன்சிலின் இலச்சினை பொறித்த கடிதமொன்றும் சில வேளைகளில் போய்விடுகின்றது. குடியிருப்பாளரின் கருத்தை அறிய விரும்புவதாகவும், அதற்கென அமைக்கப்படும் குழுவில் சேருமாறும் அழைக்கும் கடிதம் அது.

அந்தக் கடிதத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

கருத்துக்குழு என்றால் என்ன?

பிரித்தானியாவில் 1990களிலிருந்து பல கவுன்சில்கள் குடியிருப்பாளர் கருத்துக்குழுக்களை நடத்தி வருகின்றன. 'சிற்றிசன்ஸ் பனல்' என்றும் 'ரெசிடென்ற்ஸ் பனல்' என்றும் இவற்றுக்குப் பெயர். சில நூறு பேர் முதல் ஓரிரண்டாயிரம் பேர் வரை இதில் இருப்பார்கள். வயது, ஆண் பெண், வட்டாரம், இனம் என்ற கணக்கில், அந்த இடத்து மக்கள் தொகையின் ஒரு சிறிய பிரதியாகக் குழு அமையவேண்டும் என்பது ஏற்பாடு. ஆண்டுக்குச் சில தடவைகள் வினாப்பத்திரம் வரும். முன்பு தபாலில் வந்தது. இப்போது பெரும்பாலும் கணினி வழியே வருகின்றது. இடையிடையே பத்துப் பன்னிரண்டு பேரை ஒரு மேசையைச் சுற்றி இருத்திப் பேசவைப்பதும் உண்டு.

1999ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம், வரி செலுத்துவோரையும் சேவைகளைப் பயன்படுத்துவோரையும் கவுன்சில்கள் கலந்தாலோசிக்க வேண்டும் என்று விதித்தது. அதன்பின் இக்குழுக்கள் மேலும் பெருகின.

இதனால் எமக்கு என்ன என்று கேட்கலாம். நாட்டின் வெளிநாட்டுக் கொள்கையோ அகதிச் சட்டமோ இங்கே தீர்மானிக்கப்படுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பிள்ளைகள் போகும் நூலகம் எத்தனை நாள் திறந்திருக்கும், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை நடக்கும் மண்டபத்துக்கு எவ்வளவு வாடகை, எங்கள் முதியோர் கூடும் பகல்நேர நிலையம் நிலைக்குமா, கடைத்தெருவில் வாகனம் நிறுத்தக் கட்டணம் எவ்வளவு, கவுன்சில் வீட்டில் ஈரம் ஊறிய சுவரை எப்போது திருத்துவார்கள் என்பவை எல்லாம் கவுன்சிலின் கையில் இருப்பவை. ஹறோ, பிறென்ற், ஈலிங், றெட்பிறிஜ், நியூஹாம், மேர்ட்டன், குறொய்டன் எனத் தமிழர் செறிந்து வாழும் இடங்களில் எமது அன்றாட வாழ்வைத் தொட்டுச் செல்பவை இந்த முடிவுகள்தாம். பணத்தட்டுப்பாடு வரும்போது எதை வைத்திருப்பது, எதை மூடுவது என்று கவுன்சில் யாரையாவது கேட்கத்தான் செய்கின்றது. அந்த "யாரையாவது" என்பதற்குள் நாம் இருக்கிறோமா என்பதே கேள்வி.

நாம் எப்படிக் காணாமற் போகிறோம்?

எவரும் வேண்டுமென்றே எம்மை விலக்கிவைப்பதாகச் சொல்வதற்கில்லை. நாம் காணாமற் போவது சிறு சிறு ஓட்டைகளின் வழியாக.

முதலாவது, பட்டியல். குழுவுக்கு ஆட்களைத் தெரிவுசெய்ய வாக்காளர் இடாப்பையோ தபால் முகவரிப் பட்டியலையோ எடுக்கிறார்கள். இலங்கை பொதுநலவாய நாடு. ஆகவே இங்கு தங்குவதற்கு அனுமதி பெற்ற இலங்கைப் பிரசைகள் பிரித்தானியக் கடவுச்சீட்டு இல்லாமலே வாக்காளராகப் பதியலாம். இதை அறியாமல் பல ஆண்டுகளைக் கழித்தவர்கள் எம்மிடையே உண்டு. இடாப்பில் பெயரில்லாதவருக்கு அழைப்பும் இல்லை. முகவரிப் பட்டியலிலும் சிக்கல் உண்டு. ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள் அறை அறையாக வாழ்ந்தாலும் அந்த வீட்டுக்கு வருவது ஒரு கடிதம்தான். கடை மாடியில் வாழ்பவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடு மாறுபவருக்கும் அதுவும் வந்து சேர்வதில்லை.

இரண்டாவது, பெட்டி. படிவத்தில் இனம் என்ற இடத்தில் அடையாளமிடச் சில பெட்டிகள் இருக்கும். இந்நாட்டுக் குடிசன மதிப்பீட்டில் இனம் பற்றிய கேள்வி முதன்முதலில் கேட்கப்பட்டது 1991இல். அப்போது இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் ஆகியோருக்குத் தனிப்பெட்டிகள் இருந்தன. இலங்கைத் தமிழருக்கு இருக்கவில்லை. அதன்பின் வந்த மதிப்பீடுகளிலும் இல்லை. "வேறு ஆசியர்" என்ற பெட்டியே எமக்கு வாய்த்தது. சிலர் அதில் அடையாளமிடுகிறார்கள். சிலர் "இந்தியர்" என்பதில் இடுகிறார்கள். சிலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். இதன் விளைவு, எத்தனை தமிழர் தன் எல்லைக்குள் வாழ்கிறார்கள் என்பது கவுன்சிலுக்கே தெளிவாகத் தெரியாமற் போவது. 2011இல் முதன்மை மொழி பற்றிய கேள்வி சேர்க்கப்பட்டபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு இலட்சத்துக்குச் சற்று அதிகமானோர் தமிழைக் குறிப்பிட்டனர். ஆங்கிலமே முதன்மை மொழியென்று எழுதிய எம் பிள்ளைகள் அந்தத் தொகைக்குள் அடங்கமாட்டார்கள்.

மூன்றாவது, மொழி. வினாப்பத்திரம் ஆங்கிலத்தில் வருகின்றது. அதுவும் கடையில் பேசும் ஆங்கிலமல்ல, கந்தோர் ஆங்கிலம். 2013இல் உள்ளூராட்சி அமைச்சராயிருந்த எரிக் பிக்கிள்ஸ், கவுன்சில்கள் பிறமொழிகளில் ஆவணங்களை மொழிபெயர்ப்பதை நிறுத்தவேண்டும் என்று அறிக்கை விடுத்தார். அது அறிவுறுத்தலேயன்றி மொழிபெயர்ப்பைத் தடைசெய்யும் சட்டமல்ல. ஆயினும் செலவைக் குறைக்க வழி தேடுபவர்களுக்கு அதுவும் ஒரு சாட்டாயிற்று.

நான்காவது, நேரம். கூட்டம் மாலை ஏழு மணிக்கு நகரமண்டபத்தில் என்கிறார்கள். அந்த நேரத்தில் பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் நிற்பவர் எப்படி வருவார்? கணவர் வேலையில், கைக்குழந்தை மடியில் என்றிருக்கும் பெண் எப்படி வருவார்? பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருக்கும் அம்மம்மாவை யார் கூட்டிப் போவது?

ஒரு சிறு கணக்கு

நாற்பது தமிழர் குழுவில் இருந்தாற் போதாதா என்று ஒரு கவுன்சில் உத்தியோகத்தர் கேட்கக்கூடும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கவுன்சில் எல்லைக்குள் 2,50,000 பேர் வாழ்வதாகவும், அவர்களில் நூற்றுக்கு நால்வர் தமிழர் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் தமிழர் 10,000 பேர். கருத்துக்குழுவில் 1,000 பேர் இருந்தால் விகிதப்படி 40 தமிழர் இருக்க வேண்டும். வினாப்பத்திரத்துக்குப் பாதிப் பேர் பதில் அனுப்பினால் மிஞ்சுவது 20 பேர்.

1,000 பேரின் பதிலைக் கொண்டு ஊரின் எண்ணத்தை மதிப்பிட்டால், கணிப்பு நூற்றுக்கு மூன்றளவில் மேலோ கீழோ பிசகலாம். 20 பேரைக் கொண்டு மதிப்பிட்டால் நூற்றுக்கு இருபதுக்கும் மேலாகப் பிசகலாம். இப்படிப் பிசகும் எண்ணை எந்தப் புள்ளிவிபர உத்தியோகத்தரும் அறிக்கையில் தனியாக அச்சிட மாட்டார். ஆகவே அந்த இருபது பேரையும் "வேறு ஆசியர்" என்ற கூட்டத்தோடு சேர்த்துவிடுவார். விகிதாசாரம் சரியாகத்தான் இருக்கும்; தமிழரின் கருத்து மட்டும் அறிக்கையில் இருக்காது.

இதற்குப் பரிகாரம் உண்டு. சிறுபான்மை இனங்களிலிருந்து விகிதத்துக்கும் மேலதிகமாக ஆட்களைச் சேர்ப்பதே அது. 200 தமிழர் பதில் தந்தால் பிசகு நூற்றுக்கு ஏழளவில் அடங்கிவிடும். அவர்களுடைய பதிலைத் தனியாகப் பார்க்கலாம். மொத்தக் கணக்கில் சேர்க்கும்போது ஒவ்வொருவரின் பதிலுக்கும் உரிய அளவே எடை கொடுத்தால் மற்றவர்களுக்கு எந்த அநீதியும் நேராது. கருத்துக்கணிப்பு நடத்தும் நிறுவனங்களுக்கு இது நன்கு பழகிய முறை. இதைச் செய்யும்படி கேட்பது சலுகை கேட்பதல்ல. கணக்கைச் சரியாகப் போடும்படி கேட்பது.

சட்டம் என்ன சொல்கின்றது?

கேட்பதற்கு எமக்கு உரிமை உண்டா என்று தயங்குபவர்கள் சில வழக்குகளை அறிந்திருப்பது நல்லது. இவை லண்டனில், நாம் நடமாடும் தெருக்களிலேயே பிறந்தவை.

1985இல் பிறென்ற் கவுன்சில் சில பாடசாலைகளை மூடவும் இணைக்கவும் முனைந்தபோது பெற்றோர் நீதிமன்றம் சென்று வென்றனர். அந்த வழக்கிலிருந்து நான்கு விதிகள் பிறந்தன. முடிவு எடுக்கப்படுவதற்கு முன்னரே, அது உருவாகும் நிலையிலேயே மக்களைக் கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லப் போதிய விபரம் தரவேண்டும். போதிய கால அவகாசம் தரவேண்டும். வந்த பதில்களை மனச்சாட்சியோடு கருத்திலெடுக்க வேண்டும். 'கன்னிங் விதிகள்' என்று இவற்றை அழைப்பார்கள்.

2014இல் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளை உறுதிப்படுத்தியது. மத்திய அரசு நிதியைக் குறைத்தபோது, வறியவர்களுக்கான கவுன்சில் வரிச் சலுகையைக் குறைக்க ஹறிங்கே கவுன்சில் திட்டமிட்டு, 2012இல் மக்களிடம் கருத்துக் கேட்டது. ஆனால் வேறு வழிகளும் உண்டு என்பதை, அதாவது வரியைச் சற்று உயர்த்தலாம், சேமிப்பு நிதியிலிருந்து எடுக்கலாம் என்பதை, மக்களுக்கு அது சொல்லவில்லை. அந்தக் கலந்தாலோசனை சட்டவிரோதமானது என்று நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் அதற்குள் இரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டதால், மீண்டும் மக்களைக் கேட்கும்படி அது கட்டளையிடவில்லை. பிந்திக் கிடைக்கும் நீதிக்குப் பயன் குறைவு என்பதையும் இவ்வழக்கு காட்டுகின்றது.

இனச் சமத்துவம் பற்றிய சட்டம் வேறு. ஸ்ரீபன் லோறன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் 1993இல் கொல்லப்பட்டதை விசாரித்த மக்ஃபேர்சன் அறிக்கை 1999இல் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து 2000இல் இன உறவுகள் சட்டம் திருத்தப்பட்டு, அரச நிறுவனங்கள் இனச் சமத்துவத்தை உரிய முறையில் கருத்திற் கொள்ளவேண்டும் என்ற கடமை வந்தது. இன்று அந்தக் கடமை 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவில் உள்ளது. பொதுவாழ்வில் எந்தப் பிரிவினரின் பங்கு மிகக் குறைவாக உள்ளதோ, அவர்களைப் பங்குபற்ற ஊக்குவிக்க வேண்டிய தேவையும் அப்பிரிவில் சொல்லப்பட்டிருக்கின்றது. கருத்துக்குழுவில் எம்மவர் இல்லை என்று கவுன்சிலுக்கு எழுதும்போது சுட்டவேண்டிய பிரிவு இதுதான்.

இந்தக் கடமை வெறும் காகிதமல்ல என்பதற்கு இரண்டு சான்றுகள். ஈலிங் கவுன்சில், வன்முறைக்குள்ளாகும் பெண்களுக்கான உதவிப் பணத்தை எல்லோருக்கும் பொதுவான ஒரே சேவைக்கு வழங்க முனைந்தது. ஆசிய, கறுப்பினப் பெண்களுக்காக 1979இலிருந்து இயங்கிவரும் சவுத்தோல் பிளாக் சிஸ்ரர்ஸ் அமைப்பு இதனால் நிதியை இழக்கும் நிலை வந்தது. 2008இல் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கவுன்சில் தன் முடிவைக் கைவிட்டது. ஒரு கொள்கை சிறுபான்மையினரை எப்படிப் பாதிக்கும் என்ற ஆய்வைக் கொள்கை வகுக்கப்படுவதற்கு முன்னரே செய்யவேண்டும் என்பது அவ்வழக்கின் பாடம்.

மற்றது ஹறிங்கேயில், செவன் சிஸ்ரர்ஸ் நிலத்தடி ரயில் நிலையத்தின் மேலுள்ள வோர்ட்ஸ் கோர்னர் சந்தை. லத்தீன் அமெரிக்க மக்கள் பலர் கடை வைத்திருந்த இடம் அது. சந்தையை இடித்துப் புதிய கட்டடம் எழுப்ப 2008இல் கவுன்சில் அனுமதி வழங்கியது. அது எந்த இன மக்களைப் பாதிக்கும் என்பதைக் கவுன்சில் உரிய முறையில் சிந்திக்கவில்லை என்று கூறி, மேன்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் அந்த அனுமதியை இரத்துச் செய்தது. 2012இல் மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. வியாபாரிகளும் அயலவரும் விடவில்லை. ஈற்றில் 2021இல் கட்டட நிறுவனமே விலகிக்கொண்டது. எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகம் பதின்மூன்று ஆண்டுகள் தளராமல் நின்ற கதை இது. ஆரம்பத்திலேயே அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் இவ்வளவு காலமும் பணமும் விரயமாகியிராது.

கேட்காமல் விடுவதன் விலை பணத்தோடு நிற்பதுமில்லை. 2017 ஜூன் 14ஆம் திகதி கிறென்ஃபெல் மாடிக்குடியிருப்பு எரிந்து 72 பேர் மாண்டனர். பல நாடுகளிலிருந்தும் வந்து வாழ்ந்தவர்கள் அவர்களில் பலர். தீப் பாதுகாப்புப் பற்றிக் குடியிருப்பாளர் முன்னரே முறையிட்டிருந்தார்கள். அங்கே நிர்வாக சபையில் குடியிருப்பாளர்களும் அங்கம் வகித்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஆசனம் கொடுத்தாற் போதாது. சொல்வதைக் கேட்கும் காதும் வேண்டும்.

கவுன்சிலிடம் என்ன கேட்கலாம்?

பொதுவாக "எம்மையும் சேருங்கள்" என்று எழுதினால் நன்றிக் கடிதம் ஒன்று வரும். அதோடு முடிந்துவிடும். பின்வருமாறு குறிப்பாகக் கேட்க வேண்டும்:

• இப்போதைய கருத்துக்குழுவில் எத்தனை தமிழர் இருக்கிறார்கள்? கடைசி வினாப்பத்திரத்துக்கு அவர்களில் எத்தனை பேர் பதிலளித்தார்கள்? (தகவல் அறியும் சட்டத்தின்கீழ் இதை எவரும் எழுத்தில் கேட்கலாம்.)

• படிவத்தில் "தமிழர்" என்று தனிப்பெட்டி வைக்க முடியுமா? முடியாவிட்டால் எழுதிக்கொடுப்பதையாவது தனியாக எண்ணுவீர்களா?

• மேலதிகமாகத் தமிழரைச் சேர்ப்பீர்களா? அதற்காகக் கோவில், தேவாலயம், பள்ளிவாசல், தமிழ்ப் பாடசாலை, கடைத்தெரு ஆகிய இடங்களுக்கு உங்கள் உத்தியோகத்தர் வருவாரா?

• ஆங்கிலம் வாசிக்க முடியாத முதியோருக்குத் தமிழில் வாயால் கேட்டுப் பதில் எழுத ஒருவரை ஏற்பாடு செய்வீர்களா?

• கூட்டங்களைச் சனி, ஞாயிறு பகலிலும் வைப்பீர்களா? பிள்ளை பராமரிப்புக்கும் போக்குவரத்துக்கும் செலவு தருவீர்களா?

• நாங்கள் சொன்னதை வைத்து என்ன செய்தீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று திருப்பி அறிவிப்பீர்களா?

கடைசிக் கேள்வியே மிக முக்கியமானது. பதில் அனுப்பியவருக்கு அதன் பயன் தெரியாவிட்டால் அடுத்த முறை அவர் பேனையை எடுக்கமாட்டார்.

எமது வீட்டையும் கூட்ட வேண்டும்

கவுன்சிலைக் குறைகூறி முடித்துவிட முடியாது. எம் பக்கத்திலும் சில உண்டு.

தமிழரின் கருத்தை அறிய வேண்டுமென்றால் கவுன்சில் ஒரு சங்கத் தலைவரையோ கோவில் தர்மகர்த்தாவையோ கூப்பிடுகின்றது. அவரும் நல்லெண்ணத்தோடு போகிறார். பத்து ஆண்டுகளாக அவரே போகிறார். ஆனால் அவர் ஒருவர் எல்லோருமாக முடியுமா? தனியே பிள்ளை வளர்க்கும் தாய், மலையகத்திலிருந்து வந்தவர், தமிழ் பேசும் முஸ்லிம், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், பிரான்ஸிலோ ஜேர்மனியிலோ வாழ்ந்துவிட்டு இங்கு குடியேறியவர், இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர் ஆகிய ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு தேவைகள். கவுன்சில் எம் எல்லோரையும் "வேறு ஆசியர்" என்ற பெட்டியில் போடுவது பிழையென்றால், நாம் எம் எல்லோரையும் ஒரு தலைவரின் சட்டைப்பைக்குள் போடுவதும் பிழையே. அழைப்பு வந்தால் சங்கங்கள் ஆளை மாற்றி மாற்றி அனுப்ப வேண்டும். அதில் பாதிப்பேர் பெண்களாயிருக்க வேண்டும்.

அடுத்தது பயம். படிவம் என்றாலே எமக்குப் பயம். ஊரில் பெயர், விலாசம், வீட்டிலுள்ளோர் விபரம் என்று கேட்டு வந்த படிவங்களின் பின்னால் எது வந்தது என்பது எம்மில் பலருக்குத் தெரியும். ஆகவே விசாவைப் பாதிக்குமோ, வீட்டு உதவியை வெட்டுவார்களோ என்று யோசிப்பது இயல்பு. ஆனால் தரும் விபரம் எதற்குப் பயன்படும், யாருக்குக் கொடுக்கப்படும் என்பதைப் படிவத்தோடு அறிவிக்க வேண்டியது தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கவுன்சிலின் கடமை. அதை வாசியுங்கள், வாசிக்க முடியாவிட்டால் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். திருப்தியில்லாவிட்டால் தொலைபேசியில் கேட்ட பின்னர் நிரப்புங்கள்.

மூன்றாவது, "எங்களுக்கேன் வீண் சோலி" என்ற எண்ணம். இது எம் ஊரல்ல, ஒருநாள் போய்விடுவோம் என்று சூட்கேஸை அலுமாரியின் மேல் வைத்துக்கொண்டு வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. ஊரின் மேலுள்ள பற்று அப்படியே இருக்கட்டும். ஆனால் பிள்ளைகள் இங்கு படிக்கிறார்கள், பெற்றோர் இங்கு முதுமையடைகிறார்கள். ஊரிலே கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் சனசமூக நிலையத்தையும் கூடி நடத்திய மக்கள் நாம். ஒழுங்கைக்குக் கல் போடவும் வாசிகசாலைக்குப் பத்திரிகை எடுக்கவும் கூட்டம் வைத்துத் தீர்மானித்தவர்கள். பொதுக்காரியம் எமக்குப் புதிதல்ல. இங்கே கதவு வேறு, அவ்வளவே.

இந்த மாதம் செய்யக்கூடியவை

வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கவுன்சிலுக்குக் கருத்துக்குழு உண்டா, எப்படிச் சேரலாம் என்று தொலைபேசியில் கேளுங்கள். இனம் கேட்கும் இடத்தில் "தமிழர்" என்று எழுதுங்கள். தமிழ்ப் பாடசாலையில் பிள்ளைகளைக் காத்து நிற்கும் இரண்டு மணித்தியாலத்தில், பத்துப் பேர் சேர்ந்திருந்து வினாப்பத்திரத்தை நிரப்பலாம். ஆங்கிலம் தெரிந்த உயர்வகுப்புப் பிள்ளைகள் முதியோருக்கு வாசித்துச் சொல்லலாம். ஆனால் பதில் முதியவருடையதாக இருக்கட்டும்.

கருத்துக்குழு வாக்குரிமைக்கு ஈடாகாது. அதிற் சொன்னதெல்லாம் நடந்துவிடும் என்று எவரும் உறுதியளிக்க முடியாது. ஆனால் பகல்நேர நிலையத்தின் கதவில் பூட்டு விழுந்த பின்னர் கையெழுத்து வேட்டை நடத்துவதைவிட, பூட்டு வாங்கலாமா என்று அவர்கள் யோசிக்கும்போதே ஒரு சொல் சொல்லி வைப்பது சுலபம். அடுத்த முறை கவுன்சில் இலச்சினையோடு கடிதம் வந்தால், குப்பைக் கூடைக்குப் போகுமுன் ஒரு தரம் பிரித்துப் பாருங்கள்.